கறுப்புக் குடைக்குள் யார்?

இரத்தோட்டை
19.01.2025

கதை எழுதுகிற ஸஜீதா டீச்சருக்கு மாரியாயி எழுதுவது.

உங்களுக்குச் சுகமில்லை என்று பேப்பரிலேயே போட்டிருந்தார்கள். ஆகவே சுகமா என்று கேட்டு ஒரு வரியை வீணாக்க மாட்டேன். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஞாபகம் மட்டும் கோணல் இல்லை.

உங்கள் 'ஸபியா கடை' தொடர்கதையை முதல் வாரத்திலிருந்து படிக்கிறேன். என் மருமகள் கலாராணி டவுனில் துணிக்கடையில் நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பேப்பரை அவள்தான் கொண்டுவருவாள். நான் ஒரு தடவைதான் படிப்பேன். திங்கட்கிழமை மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது என் நிரைக்கு அக்கம்பக்கத்து நிரையில் நிற்கும் பொம்பளைகளுக்கு அதை அப்படியே சொல்ல வேண்டும். பென்சன் எடுத்துவிட்டேன், ஆனாலும் நாள் கூலிக்குப் போகிறேன். பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது, மீதிப் பேருக்குக் கண் தெரியாது. கங்காணி மகேஸ்வரன் வருவார். "கத போதும், கொழுந்தப் பாருங்க" என்பார். பிறகு அங்கேயே நின்றுகொண்டு, "அப்புறம் ஸபியா என்ன சொல்லுச்சு?" என்பார்.

போன ஆடி மாதம் என்ன செய்தீர்கள்? உக்குவளை ஸ்டேஷனில் கண்டி ரயில் வந்து நிற்கிறது. நல்ல மழை. கறுப்புக் குடை பிடித்த ஒரு ஆள் இறங்குகிறது. முகம் தெரியவில்லை. ஸபியா கையில் தேத்தண்ணி கிளாஸோடு கடை வாசலுக்கு வந்து, "நீயா?" என்கிறாள். அவ்வளவுதான். கீழே பொடி எழுத்தில், எழுத்தாளர் சுகவீனம், தொடர் நிறுத்தப்படுகிறது என்று போட்டுவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது கோழிக்கறி சமைப்பது எப்படி என்று போடுகிறார்கள். கோழிக்கறி எனக்குத் தெரியும் டீச்சர். குடைக்குள் யார் என்றுதான் தெரியவில்லை.

வருத்தம் வியாதி யாருக்கும் வரும். ஆனால் ஒரு ஆளை மழையில் நிற்க வைத்துவிட்டுப் போய்ப் படுக்கலாமா? ஆறு மாதமாக அந்த ஆள் நனைகிறது.

இங்கே ஒருத்தி, ஸபியாவின் செத்துப்போன புருஷன்தான் திரும்பி வந்திருக்கிறான் என்கிறாள். இன்னொருத்தி, ஸ்டேஷனில் கொடி காட்டுகிற ஐயாத்துரை என்கிறாள். ஐயாத்துரை என்றதும் ஞாபகம் வருகிறது. ஸபியாவின் பூனைக்குட்டிக்கு ரயில் சத்தம் பழக்கிவிட்ட அந்த நல்ல மனுசனை, 'மாற்றலாகிப் போனான்' என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டீர்கள். போய் வருகிறேன் என்றுகூட அவன் சொல்லவில்லை. அதை நான் மறக்கவில்லை. மறக்கப் போவதும் இல்லை.

மாத்தளை அம்மன் கோயிலில் உங்களுக்கு ஒரு அர்ச்சனை வைத்தோம். ஐயர் நட்சத்திரம் கேட்டார். தெரியாது, ஸஜீதா என்று ஒரு முஸ்லிம் டீச்சர் என்றேன். அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, "சாமி பேருக்கே பண்ணிடுறேன்" என்றார். ஆகவே நீங்கள் எழுந்துதான் ஆக வேண்டும்.

பதில் எழுதுங்கள். போன் வேண்டாம். போனில் ஏசினால் காற்றோடு போய்விடும்.

மாரியாயி


உக்குவளை
10.02.2025

மாரியாயி அக்காவுக்கு,

கோணல் எழுத்து என்று சொல்லியிருந்தீர்கள். இதைப் பாருங்கள். வலது கை இன்னும் தூங்குகிறது. இடது கையால் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் போய்விடுகிறது. தினமும் எழுதச் சொல்லி டொக்டர் சொல்லியிருக்கிறார். வாய்ப்பேச்சு இன்னும் குழறுகிறது, அதனால் எனக்கும் போனைவிடக் கடிதம்தான் வசதி.

ஆடியில் ஒரு நாள் சுபஹுத் தொழுகைக்கு எழும்பினேன். கால் வரவில்லை. பாரிசவாதம் என்றார்கள். அல்ஹம்துலில்லாஹ், இப்போது கம்பு பிடித்துக்கொண்டு குசினி அடுப்பு வரைக்கும் நடக்கிறேன்.

பத்திரிகைக் காரியாலயத்திலிருந்து வாசகர் கடிதங்கள் ஒரு பை நிறைய வந்தன. எல்லோரும் நல்லவர்கள். ஓய்வெடுங்கள், அவசரமில்லை, உடம்புதான் முக்கியம் என்று எழுதியிருந்தார்கள். வாசிக்க வாசிக்க, நான் ஏற்கனவே இந்த வீட்டில் மாட்டிய ஒரு படம் ஆகிவிட்டதைப் போல் இருந்தது. நீங்கள் ஒருவர்தான் என்னை ஏசியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுத்தான் மேசையை யன்னல் பக்கம் இழுத்துப் போடச் சொன்னேன்.

இனி எழுதப் போவதை உங்கள் நிரையில் சொல்லிவிடாதீர்கள். என் கணவர் மஹ்ரூபுக்கும் தெரியாது, பத்திரிகை ஆசிரியர் ஷிஹாமுக்கும் தெரியாது.

குடைக்குள் யார் என்று எனக்கும் தெரியாது.

எழுதும்போது தெரிந்திருந்தது. நிச்சயமாகத் தெரிந்திருந்தது. முகம், நடை, கையில் என்ன இருந்தது, எல்லாம். நோய் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. எந்தக் குறிப்பும் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. பழைய இதழ்களை வாசித்தாலாவது பிடிபடும் என்று தேடினேன். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மதினி நிஹ்லா வீட்டைத் துப்புரவாக்குகிறேன் என்று அலுமாரிக்கு மேலிருந்த பத்திரிகைக் கட்டுகளையெல்லாம் மாத்தளைச் சரக்குக் கடைக்குக் கொடுத்துவிட்டாராம். என் ஸபியா இப்போது கராம்பையும் ஏலத்தையும் சுற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறாள். காரியாலயத்தில் பிரதி கேட்டிருக்கிறேன். தேடுகிறோம் என்கிறார்கள்.

சித்திரை வருஷப்பிறப்பு இதழில் கதை தொடங்க வேண்டும், முடியாவிட்டால் வேறு ஒருவரின் தொடர் என்று ஷிஹாம் மரியாதையாகச் சொல்லிவிட்டார். முடியும் என்று சொல்லிவிட்டேன். பொய் சொன்னேனா என்று இன்னும் தெரியவில்லை.

ஸபியாவுக்கு ராஹிலா என்று ஒரு தங்கச்சி இருந்ததாக மங்கலாக நினைவு. இருவருக்கும் ஏதோ கோபம். என்ன கோபம், அக்கா? நான் எழுதியிருந்தேனா? உங்களுக்கு ஞாபகம் இருக்குமே.

ஸஜீதா


இரத்தோட்டை
20.02.2025

ஸஜீதா டீச்சருக்கு,

உங்கள் மதினியைப் பற்றி நான் நினைப்பதை எழுதினால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். அலுமாரிக்கு மேலே கிடந்தது உங்கள் மதினியின் தலையிலா கிடந்தது?

நீங்கள் மறந்ததை வாசித்தபோது முதலில் கோபம்தான் வந்தது. மறதியெல்லாம் எங்களுக்கு வரட்டும், கதை எழுதுகிறவருக்கு வரலாமா? பிறகு இந்தக் கடுதாசி முழுவதையும் இடது கையால் எழுதினாரே என்று நானும் ஒரு வரி இடது கையால் எழுதிப் பார்த்தேன். என் பெயர் எனக்கே வாசிக்கத் தெரியவில்லை. ஆகவே ஏசவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

ராஹிலா விஷயம் கேளுங்கள். நன்றாகவே ஞாபகம் இருக்கிறது.

ஸபியாவின் புருஷன் ஐப்பசி மாதம் இறந்து போகிறார். ஸபியாவுக்கு அப்பனும் இல்லை, ஆத்தாவும் இல்லை, அண்ணன் தம்பியும் இல்லை. கூடப் பிறந்தவள் அந்த ஒருத்திதான். பதினாறாம் நாள் கருமாதிக்குத் தாலியறுத்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வர வேண்டும். அதை வேறு யார் கொண்டுவருவார்கள்? தங்கச்சிதான் கொண்டுவர வேண்டும். வந்து, தோளில் போட்டு, கட்டிப்பிடித்து அழ வேண்டும். சபையே வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. நேரம் போகிறது. கடைசியில் ஒரு மரக்கறி லொறிக்காரன் வருகிறான். சொப்பிங் பையில் சேலையைச் சுருட்டி, "ஒங்க தங்கச்சி குடுக்கச் சொல்லுச்சு" என்று நீட்டுகிறான். அவன் கையில் முட்டைக்கோவா இலை ஒட்டியிருக்கிறது. எத்தனை பேர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்! பக்கத்து லயத்து வீட்டுப் பொம்பளை ஓடிப்போய்த் தன்னுடைய புதுச் சேலையைக் கொண்டுவந்து போட்டாள். அந்தப் பையை ஸபியா பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கு நின்றதுதான் பேச்சு வார்த்தை. இருபத்தேழு வருஷம் ஆகப் போகிறது. தங்கச்சி இருப்பது ஒரு பஸ் மாறிப் போகிற தூரத்தில். போனதில்லை.

இவ்வளவும் இருக்கும்போது குடைக்குள் யார் என்று என்ன யோசனை? ராஹிலாதான். ஸபியா என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்கிறேன். கிளாஸில் இருக்கும் தேத்தண்ணியை வாசலில் ஊற்றிவிட்டுக் கதவைச் சாத்த வேண்டும். அப்படி எழுதுங்கள். நிரையில் எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்கும்.

கையை வெந்நீரில் வைத்து உருவுங்கள். வேப்பெண்ணெய் நல்லது.

மாரியாயி


உக்குவளை
03.03.2025

மாரியாயி அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பல தடவை வாசித்தேன். அந்தக் கோவா இலையில் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுகிறேன். அதைப் பார்க்காதவர்களால் எழுத முடியாது.

வாசித்தவுடன் சந்தோஷப்பட்டேன். கோபத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது, எழுதிவிடலாம் என்று தாளை எடுத்தேன். எடுத்த பிறகுதான் ஒன்று தட்டியது.

எங்களில் கோடிச் சேலை போடும் வழக்கம் இல்லை, அக்கா. பதினாறாம் நாள் சபை கூட்டித் துணி போடுவதும் இல்லை. கணவர் மௌத்தானால் மனைவி நாலு மாதம் பத்து நாள் வெள்ளை உடுத்தி, வீட்டுக்குள்ளேயே இத்தா இருப்பார். நோயில் எனக்கு எது அழிந்திருந்தாலும் என் உம்மா இத்தா இருந்த அறை அழியவில்லை. அந்த யன்னல் சீலை, அவர் உட்கார்ந்திருந்த பாய், எல்லாம் கண் முன்னால் நிற்கின்றன. உக்குவளை ஸ்டேஷனடியில் கடை வைத்திருக்கும் ஸபியாவுக்கு ஒரு கோடிச் சேலையை நான் எழுதியிருக்கவே முடியாது. தோட்டத்து லயத்துப் பொம்பளை அவளுக்கு எங்கிருந்து வந்தாள்?

நான் கோபித்து எழுதவில்லை. எனக்கு உண்மையாகவே அறிய ஆசையாக இருக்கிறது. மாதக்கணக்கில் என் மண்டைக்குள் எதைத் தேடினாலும் வெறும் சுவர். முதல் தடவையாக ஒரு கதை என்னைக் கூப்பிடுகிறது. ஆனால் அது என்னுடையது இல்லை.

லொறிக்காரனிடமிருந்து அந்தப் பையை வாங்கிய கை யாருடையது?

ஸஜீதா


இரத்தோட்டை
14.03.2025

டீச்சருக்கு,

மறதி உங்களுக்கு. குற்றம் எனக்கா? நன்றாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். கலாராணி, "ஏன் மாமி மூஞ்ச தூக்கி வச்சிக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டாள். போய் வேலையைப் பார் என்றேன். ஆனாலும் உங்களுக்குச் சித்திரை நெருங்குகிறது. ஆகவே எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் படுத்துவிட்டீர்கள். பேப்பரில் கோழிக்கறி. திங்கட்கிழமை மலைக்குப் போனால், "ஆயி, இந்த வாரம் என்ன?" என்கிறார்கள். ஒன்றும் இல்லை என்றால் அன்றைக்கு நிரை செத்த வீடு மாதிரி இருக்கிறது. மழை வேறு. அட்டை வேறு. எத்தனை திங்கட்கிழமை ஒன்றும் இல்லை என்று சொல்வது? "ஸபியா ஏன் தங்கச்சி பேரச் சொன்னாலே மூஞ்சத் திருப்புது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நீங்கள் சொல்லவில்லை. யாராவது சொல்லத்தானே வேண்டும்? நான் சொன்னேன். ஒரு வாரம் சொன்னேன், மறு வாரமும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது பேப்பரில் வந்தது மாதிரியே ஆகிவிட்டது. இதில் என்ன குற்றம்? நீங்கள் கடையைப் பூட்டிவிட்டுப் போனீர்கள், நான் விளக்கேற்றி வைத்திருந்தேன்.

கோடிச் சேலை உங்கள் ஆட்களில் இல்லை என்று எனக்குத் தெரியாது. நிரையில் யாரும் கேட்கவும் இல்லை. கோபம் எல்லா ஆட்களிலும் இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

அது எங்கள் பக்கத்தில் ஒருத்திக்கு நடந்தது. பெயர் வேண்டாம். தங்கச்சி பலாபத்வலயில் இருக்கிறாள். பெயர் அங்கம்மா. அவள் பெயரை எழுதலாம், அவளுக்கு நான் ஒன்றும் மரியாதை பாக்கி வைக்கவில்லை.

கையை உருவுகிறீர்களா இல்லையா என்று எழுதவே இல்லை.

மாரியாயி


உக்குவளை
16.04.2025

மாரியாயி அக்காவுக்கு,

வேப்பெண்ணெய் போட்டு உருவுகிறேன். நாற்றம் தாங்காமல் மஹ்ரூப் முன் விறாந்தையில் படுக்கிறார். பெருவிரல் அசைகிறது.

பழைய இதழ்கள் காரியாலயத்திலிருந்து வந்து சேர்ந்தன. எல்லாவற்றையும் வாசித்தேன். ராஹிலாவின் பெயர் வருகிறது, ஸபியாவின் முகம் திரும்புகிறது. காரணம் ஓரிடத்திலும் இல்லை. ஒருவேளை எனக்கே தெரியாமல்தான் அவ்வளவு தூரம் எழுதி வந்தேனோ? இப்போது என்னைப் பற்றியும் எனக்கு அறிய ஆசையாக இருக்கிறது.

ஐயாத்துரை விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. ஒரே வரி. வெட்கமாகப் போய்விட்டது.

வருஷப்பிறப்பு இதழ் உங்களுக்குக் கிடைத்திருக்கும். பார்த்திருப்பீர்கள். ஐயாத்துரை பச்சைக் கொடியோடு திரும்பி வந்துவிட்டார். குடை மடங்கியது, உள்ளே ராஹிலா. அது உங்களுக்காக எழுதியதல்ல. குடையை எத்தனையோ பேர் கையில் கொடுத்துப் பார்த்தேன், ராஹிலாவின் கையில் கொடுத்தபோதுதான் மழை பெய்தது. அவள் கடைக்கு வராமல் ஸ்டேஷன் வாங்கில் போய் உட்காருகிறாள். ஸபியா தேத்தண்ணியை ஊற்றவும் இல்லை, குடிக்கவும் இல்லை. கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறாள். அங்கே நிறுத்தினேன்.

கதை நல்லபடியாகத் திரும்பிவிட்டது என்று ஷிஹாம் சொன்னார். வாசகர்கள் வாழ்த்துகிறார்களாம். அவர்களுக்கு ஒன்று தெரியாது. அதற்கு மேல் என்னால் ஒரு வரி எழுத முடியவில்லை.

இப்போதைக்கு மாதம் ஒரு அத்தியாயம் என்று பேச்சு. அடுத்தது மே மாதக் கடைசி ஞாயிறு. கொடுக்காவிட்டால் 'முற்றும்' என்று போட்டு மூடிவிடுவார்கள். அதன் பிறகு எழுதுவேன் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, அக்கா. இந்தக் கதையைத் தாண்டினால்தான் நான் மறுபடியும் எழுத்தாளர். தாண்டாவிட்டால் ஓய்வெடுக்கச் சொல்லுகிறவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு யன்னலைப் பார்த்திருக்க வேண்டியதுதான்.

நீங்கள் சொன்னபடி கதவைச் சாத்த வைத்து எழுதினேன். பொய்யாக இருந்தது. கட்டிப்பிடித்து அழ வைத்து எழுதினேன். அது அதைவிடப் பொய். இத்தனை வருஷம் பேசாத இரண்டு பேர் நேருக்கு நேர் நின்றால் முதலில் வரும் சொல் எது? எனக்குக் கூடப் பிறந்த பெண்கள் இல்லை. எனக்குத் தெரியாது.

உங்கள் பக்கத்தில் இருக்கும் அந்த ஒருத்திக்குத் தெரியும். அல்லது, பஸ் ஏறினால் தெரிந்துவிடும். அவரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா? வற்புறுத்தவில்லை. ஆனால் ராஹிலா வாங்கில் உட்கார்ந்திருக்கிறாள். மழை இன்னும் விடவில்லை.

ஸஜீதா


இரத்தோட்டை
04.05.2025

ஸஜீதா டீச்சருக்கு,

ஐயாத்துரையைத் திருப்பிக் கொண்டுவந்ததற்கு நன்றி சொல்ல மாட்டேன். செய்த பிழையைத் திருத்தியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஆனால் அவர் ஸபியாவின் பூனையைப் பார்த்து, "என்ன, பெரிய மனுசியாயிட்ட" என்று சொன்ன இடத்தை நிரையில் இரண்டு தடவை சொல்லச் சொன்னார்கள். கங்காணி மகேஸ்வரன் கண்ணைத் துடைத்தார். கேட்டால் தூசி என்றார். மழையில் என்ன தூசி?

இந்தத் தடவை நீங்கள் எழுதியதற்கு மேல் ஒரு வார்த்தை நான் சேர்க்கவில்லை. "உள்ளுக்குக் கூப்பிட்டாளா இல்லியா, அதச் சொல்லு ஆயி" என்று பிய்த்துவிட்டார்கள். தெரியாது என்றேன். "ஒனக்கா தெரியாது?" என்றார்கள்.

மே தினத்துக்கு மலை லீவு. பலாபத்வலக்குப் போனேன். கதைக்காகத்தான் போனேன். நீங்கள் மறுபடி படுத்துவிட்டால் பேப்பரில் கோழிக்கறிதானே வரும்?

மாத்தளையில் பஸ் மாறும்போது திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். தம்புள்ளை பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன். பலாபத்வலயில் இறங்கும்போது தூறல். குடையை விரித்துக்கொண்டு நடந்தேன். நடக்கும்போதுதான் நினைத்தேன், குடை பிடித்துக்கொண்டு நடப்பது யார் என்று. உங்கள் மேல் கோபம் கோபமாக வந்தது.

கதவைத் திறந்தது ஒரு பெண். என் ஆத்தாவின் மூக்கு. எனக்குக்கூடக் கிடைக்காத மூக்கு.

"யாரு வேணும்?" என்றாள்.

"ஒங்கம்மா வேணும்."

அங்கம்மா உள்ளே சுளகில் அரிசி புடைத்துக்கொண்டு இருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னை ஒரு தடவை பார்த்தாள். கையை நிறுத்தவில்லை. டீச்சர், நீங்கள் கேட்ட முதல் சொல் இதுதான், எழுதிக்கொள்ளுங்கள்.

"பஸ்ஸுல சனமா?"

"இருந்துச்சு" என்றேன்.

"ஒக்காரு."

உங்கள் கதையில் கோபக்காரி வீட்டில் இருக்கிறாள், மற்றவள் வந்திருக்கிறாள். இங்கே தலைகீழ். இருந்தாலும் முதல் சொல் அப்படிப்பட்ட ஒன்றாகத்தான் இருக்கும். பெரிய சொல்லெல்லாம் தொண்டையில் அடைத்துக்கொண்டு நிற்கும்போது இந்த மாதிரிச் சின்னச் சொல்தான் பக்கத்தில் புகுந்து வெளியே வரும். நான் பஸ் முழுக்க யோசித்துக்கொண்டு போன ஒரு ஏச்சும் வாயில் வரவில்லை.

அந்தப் பெண் தேத்தண்ணி கொண்டுவந்தாள். பெயர் பிரதீபா. அங்கம்மாவுக்கு ஒரு மகள் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். வயதைக் கேட்டதில்லை. கேட்டால் விசாரித்த மாதிரி ஆகிவிடுமே என்று இருந்துவிட்டேன். அன்றைக்குக் கேட்டேன்.

"நீ எப்ப பொறந்த?"

"தொண்ணூத்தொம்பது, சித்திர மாசம், பெரியம்மா." பெரியம்மா என்று யார் அவளுக்குச் சொன்னது? நான் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் செத்தது தொண்ணூற்றெட்டு ஐப்பசி. எனக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி இழவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. எங்கள் ஆட்களில் அதற்கு மறு பேச்சே இல்லை. நான் அங்கம்மாவைப் பார்த்தேன். சுளகு நின்றுவிட்டது.

"அதுக்கு முன்னாடி ரெண்டு வயித்துல தங்கல" என்றாள். "வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு மாமியா சொல்லிருச்சு."

"எங்கிட்ட சொல்லி அனுப்பியிருக்கலாம்ல?"

"தாலியறுத்துக்கிட்டு ஒக்காந்திருக்கிறவகிட்ட, நான் முழுகாம இருக்கேன்னு சொல்லி அனுப்பச் சொல்றியா?"

சுளகில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டேன்.

சுளகை மறுபடி எடுத்துக்கொண்டு அவள் கேட்டாள், "அந்தச் சேலைய என்ன செஞ்ச?"

"பொட்டிக்குள்ள கெடக்கு."

"என்ன கலரு?"

"நாவப்பழக் கலரு, பச்சக் கரை" என்றேன்.

அவள் சிரித்தாள் பாருங்கள், பல்லில்லாத வாயால். "அப்ப பிரிச்சுப் பாத்திருக்க!"

அந்தப் பிள்ளையும் சேர்ந்து சிரித்தது. நான் சிரிக்கவில்லை. தேத்தண்ணியில் சீனி கூடிப்போச்சு என்றேன்.

இவ்வளவுதான் நடந்தது. இதை எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். கோடிச் சேலையை மட்டும் ஸபியாவுக்குப் போட்டுவிடாதீர்கள், உங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். உங்களில் எதை யார் கையில் அனுப்பினால் பொறுக்காதோ அதைப் போடுங்கள். அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. மே மாதக் கடைசி ஞாயிறு என் நிரை காத்துக்கொண்டு இருக்கும். 'முற்றும்' என்று போட்டார்கள் என்றால் நானே பஸ் ஏறி உக்குவளைக்கு வருவேன். எனக்கு இப்போது பஸ் மாறிப் போவது பழகிவிட்டது.

கோபம் போய்விட்டது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். போகவில்லை. சேலைக் கோபத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்திருக்கிறேன். ஆனால் பிள்ளை பிறந்ததைச் சொல்லவில்லை, பெயர் வைத்த அன்றைக்குச் சொல்லவில்லை, அது பெரிய மனுசியானபோதும் சொல்லவில்லை. பெரியம்மா முறைக்கு நான் செய்ய வேண்டியது எத்தனை இருந்தது! அதெல்லாம் புதுக் கோபம். நேற்றுத்தான் பிறந்திருக்கிறது, இனித்தான் வளர வேண்டும்.

ஒன்று சொல்ல விட்டுப் போயிற்று. நான் கிளம்பும்போது தூறல் விட்டு வெயில் அடித்தது. குடையை அங்கம்மா வீட்டுக் கதவு மூலையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். கலாராணி நம்பவில்லை. "நீங்களாவது மறக்கிறதாவது, மாமி" என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்? இங்கே இரண்டு நாளாக மழை. எடுக்கப் போகத்தானே வேண்டும்.

மாரியாயி